"மெமரி ஃபுல்" என்றால் எந்த மெமரி?

(திண்டிவனத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



இன்றைக்குக் கடன், வட்டி, தவணை பற்றி நாம் பேசப் போவதில்லை. கம்ப்யூட்டர் பற்றிப் பேசப் போகிறோம். உடனே பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், "அது புள்ளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று எழுந்துவிட வேண்டாம். பேச்சு முடியும்போது இது கடன் சமாச்சாரம்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

இங்கே இருக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கிறது, கை தூக்குங்கள் பார்க்கலாம். பாதிப் பேருக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு இந்த விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்த நம் பிள்ளைகளுக்கும், கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. நம் வீடுகளுக்குள் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். வாங்கி வந்த பிள்ளை இன்று சென்னையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குப் போய்விட்டது. லேப்டாப் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. தம்பி, தங்கை படிக்கிறார்கள். சில குழுக்களில் வரவு செலவுக் கணக்கும் அதில்தான் ஏறுகிறது. ஆனால் அதற்கும் வயசாகிவிட்டது. ஆன் செய்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கடன் மனு

சில மாதங்களுக்கு முன்பு மயிலம் பக்கத்துக் குழு ஒன்றின் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டு மனு கொடுத்தார். பெயர் வேண்டாம், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தொகை 28,000 ரூபாய். காரணம், புது லேப்டாப். மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள்.

எந்தக் கடனுக்கும் காரணம் கேட்பது நம் வழக்கம். கேட்டோம்.

"பழசு செத்துப்போச்சு மேடம். உலை வச்சிட்டு ஆன் பண்ணா, சோறு வடிக்கிறப்பதான் தொறக்குது. மெமரி ஃபுல்லுன்னு வருது. இருக்கிறதெல்லாம் அழிச்சும் பாத்துட்டோம், ஒண்ணும் ஆவல."

"என்னம்மா அழிச்சீங்க?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார். வீட்டுக்காரர் 2021-இல் தவறிவிட்டார். அதற்கு முன்பு மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தியபோது எடுத்த படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. "படம் நிறைய இருக்கு, அதான் மெமரி ஃபுல், அழிச்சா ஸ்பீடு வரும்" என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் சொன்னான். அழித்தார்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்கள். வேகம் வரவில்லை.

"அவரு சிரிச்ச மாதிரி ஒரே ஒரு போட்டோதான் மேடம் இருந்துது. அதுவும் அதுலதான் இருந்துது."

சகோதரிகளே, அந்தப் படங்களை அழித்ததால் அந்த லேப்டாப் ஒரு நிமிடம்கூட வேகமாகி இருக்காது. ஏன் என்று சொல்லத்தான் இன்றைய பேச்சு.

பெட்டியும் பாயும்

நம் குழுக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, சேமிப்பு, கடன் புத்தகங்கள், பத்து வருடத்துப் பழைய நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. கூட்டம் தொடங்கியதும் ஒரு பாய் விரிக்கிறோம். அன்றைக்குத் தேவையான புத்தகங்களை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் விரித்து வைத்து எழுதுகிறோம். முடிந்ததும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம்.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். ஹார்டு டிஸ்க் என்பது பெட்டி. படம், பாட்டு, கடிதம், கணக்கு எல்லாம் அதில் இருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. ரேம் என்பது பாய். இப்போது எந்த வேலை நடக்கிறதோ அது மட்டும் அதில் விரிந்திருக்கும். மின்சாரம் போனால் பாயைச் சுருட்டி உதறிய மாதிரி, எல்லாம் போய்விடும்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டையுமே நாம் "மெமரி" என்கிறோம். செல்போன் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று சொன்னால் பெட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது படம், வீடியோவை வேறு இடத்துக்கு மாற்றினால் இடம் கிடைக்கும். ஆனால் அந்த அம்மாவின் லேப்டாப்பில் வந்த செய்தி வேறு. ஆங்கிலத்தில் வந்ததால் யாரும் முழுசாகப் படிக்கவில்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் மெமரி குறைவாக இருக்கிறது. ஃபைல்களைச் சேமித்துவிட்டு இந்த புரோகிராம்களை மூடுங்கள்" என்றுதான் அதில் இருக்கும். மூடச் சொன்னதே தவிர, அழிக்கச் சொல்லவில்லை. பாயில் இடமில்லை என்று அது சொன்னதற்கு நாம் பெட்டியைக் காலி செய்திருக்கிறோம்.

அளவைப் பாருங்கள். அரசு கொடுத்த ஆரம்பகால லேப்டாப்புகளில் பெட்டி 320 ஜி.பி., பாய் 2 ஜி.பி. பாயைப்போல் 160 மடங்கு பெரிய பெட்டி. பெட்டியில் பாதி காலியாக இருந்தாலும் பாய் நிறைந்துவிடும்.

பாய் நிறைந்த பிறகு என்ன ஆகும்? புதுப் புத்தகம் ஒன்றை விரிக்க வேண்டுமானால், விரித்த ஒன்றை மூடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அடுத்த நிமிடம் அதே புத்தகம் வேண்டுமென்றால் மறுபடி வெளியே எடுக்க வேண்டும். வைக்கிறது, எடுக்கிறது, இதிலேயே கூட்ட நேரம் போய்விடும். கம்ப்யூட்டர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் தட்டு மாதிரி சுழல்வது. ஒரு விஷயத்தை அதில் தேடி எடுக்க, ரேமில் எடுப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். சின்ன விளக்கு ஒன்று விடாமல் மின்னிக்கொண்டே இருக்கும், அம்புக்குறி நகராது. அதற்குப் பெயர் சாவு இல்லை. இடம் போதாமல் திணறுகிறது, அவ்வளவுதான்.

"2012-இல் நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்பீர்கள். அன்று ஓடியது. இன்று ஒவ்வொரு இணையப் பக்கமும் படம், வீடியோ, விளம்பரம் என்று பெருத்துவிட்டது. அன்று 2 ஜி.பி.யில் அடங்கிய வேலை இன்று அடங்கவில்லை. நாலு பேருக்குப் போட்ட பாயில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் பாயின் மேல் குற்றமா?

எங்கள் தவறும் ஒன்று உண்டு

உபதேசம் செய்கிறவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் களப்பணி அலுவலகக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் திணறியது. ஒரு கடையில் "மெமரி பத்தல" என்றார்கள். எந்த மெமரி என்று நாங்களும் கேட்கவில்லை. பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தோம். பணம் போனது, வேகம் வரவில்லை. ரேம்தான் போதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சமூகப் பணியில் பட்டம் வாங்கி என்ன பயன்? ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களுக்குத் தருகிறோம். யார் "மெமரி" என்று சொன்னாலும், "எது, ரேமா, ஹார்டு டிஸ்க்கா?" என்று கேளுங்கள்.

மூன்று பொத்தான்

கடன் மனுவை ஒரு வாரம் தள்ளிவைக்கக் குழு தீர்மானம் போட்டது. மறுநாள் நாங்கள் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். டாஸ்க் மேனேஜர் என்ற பக்கம் திறந்தது. கீழே "மோர் டீடெயில்ஸ்" என்று இருந்தால் அதைத் தட்டினால் முழுசாக விரியும். இது கம்ப்யூட்டரின் ரொக்கப் புத்தகம். யார் யார் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். "மெமரி" என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் வாங்கியவர் மேலே வருவார். அது ரேம் கணக்கு.

அம்மா முதலில் கிட்டவே வரவில்லை. "நான் தொட்டா கெட்டுடும்னு சொல்லுவாங்க மேடம்" என்றார். ஆனால் பதினைந்து வருடமாகப் பேரேடு எழுதுகிறவர் அவர். பட்டியலைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது இன்னா, இவ்ளோ வாங்கிக்கீது?" என்று அவர் விரல் வைத்துக் காட்டிய இடம்தான் கோளாறு.

அந்த 2 ஜி.பி.யில் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்திருந்தது. குரோமில் இருபதுக்கு மேல் பக்கங்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாயில் இடம் பிடித்திருந்தது. வைரஸ் தடுப்பு புரோகிராம் இரண்டு, வெவ்வேறு ஆட்கள் போட்டுவிட்டுப் போனவை. இரண்டும் ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டிருந்தன. வீட்டில் இல்லாத ஒரு பிரிண்டரின் மென்பொருள், யாரும் பயன்படுத்தாத வீடியோ இறக்கும் புரோகிராம் இவையெல்லாம் ஆன் செய்தவுடன் அழையாமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாங்கள் செய்தவை, நீங்களும் செய்யலாம்

1. முதலில் ரேம் எவ்வளவு என்று பாருங்கள். கம்ப்யூட்டர் படத்தின் மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி "பிராப்பர்ட்டீஸ்" போனால், "இன்ஸ்டால்டு மெமரி" அல்லது "இன்ஸ்டால்டு ரேம்" என்று எழுதியிருக்கும். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. குரோமில் தேவையான இரண்டு, மூன்று பக்கங்களை மட்டும் திறந்து வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்பதைப் "புக்மார்க்" செய்துவிட்டு மூடுங்கள். புத்தகத்தில் அடையாளக் காகிதம் வைத்து மூடுகிற மாதிரி.

3. அழையாமல் வருகிறவர்களை நிறுத்துங்கள். விண்டோஸ் 10 என்றால் டாஸ்க் மேனேஜரிலேயே "ஸ்டார்ட்டப்" என்ற பகுதி இருக்கிறது. விண்டோஸ் 7 என்றால் ஸ்டார்ட் கட்டத்தில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று சேர்த்து அடியுங்கள். உங்களுக்குத் தெரிந்த, தேவையில்லாத புரோகிராமை மட்டும் நிறுத்துங்கள். பெயர் தெரியாததைத் தொடாதீர்கள்.

4. வைரஸ் தடுப்பு ஒன்று போதும். விண்டோஸ் 10-இல் கூடவே ஒன்று வருகிறது.

5. வாரம் ஒரு முறையாவது "ரீஸ்டார்ட்" கொடுங்கள். மூடியை மட்டும் மடக்கி வைத்தால் பாய் விரித்தபடியேதான் இருக்கும். விண்டோஸ் 10-இல் "ஷட் டவுன்" கொடுத்தாலும் கொஞ்சம் சுமை தங்கிவிடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் பாய் முழுசாக உதறப்படும்.

இதை எல்லாம் செய்ய எங்களுக்கு ஒரு மாலை ஆனது. செலவு ஒரு பைசா இல்லை. மறுநாள் அந்த அம்மா உலை வைத்துவிட்டு ஆன் செய்தார். தண்ணீர் கொதிக்கும் முன்பே திறந்துவிட்டது.

செய்யக் கூடாதவை

ரேமைக் காலி செய்து தருகிறோம், வேகம் கூட்டித் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அதுவும் ஒரு புரோகிராம்தானே? அதுவும் பாயில் வந்து உட்காரும். சிலவற்றில் வைரஸே ஒளிந்திருக்கும்.

ரேம் பாதி நிறைந்திருக்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். விரித்த பாயில் யாரும் உட்காரவில்லை என்றால் அதனால் லாபம் இல்லை. அடிக்கடி தேவைப்படுவதைக் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும். தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி, விளக்கும் ஓயாமல் மின்னினால்தான் கவனிக்க வேண்டும்.

பெட்டியைக் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. பாயில் இடமில்லாதபோது மூடி வைக்கப் பெட்டியில் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா? அதற்காகப் படங்களை அழிக்கத் தேவையில்லை. பழைய சினிமாவையும், இரண்டு முறை இறக்கியதையும் அழித்தாலே போதும்.

சேமிக்காத கணக்கு

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலம், திண்டிவனம் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தது. கரண்ட் போனபோது ஒரு குழுவின் ஊக்குநர் பாதி வருடக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிவிட்ட லேப்டாப். நாலு மணி நேர வேலை, ஒரு நொடியில் போனது. ஏற்றிய கணக்கு பாயில் இருந்ததே தவிர, பெட்டிக்குள் போகவில்லை. நல்ல வேளையாகக் கையால் எழுதிய பேரேடு இருந்தது.

அதனால் கண்ட்ரோல் பொத்தானையும் எஸ் பொத்தானையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேர்த்து அழுத்துங்கள். அதுதான் "சேவ்". சேமிப்பு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போதவில்லை என்றால்?

இவ்வளவும் செய்தும் திணறினால், ரேம் கூட்டலாம். லேப்டாப்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அதே வகை ரேம் கேளுங்கள். ஒரு வகை இன்னொன்றில் பொருந்தாது. வாங்கும் முன்பு ஒன்று கவனியுங்கள். சில லேப்டாப்புகளில் "விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்" என்று இருக்கும். அது 2 ஜி.பி.க்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது. அதில் ரேம் வாங்கிப் போடுவது வீண். "32 பிட்" விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.யோடு நின்றுவிடும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. மாட்டினாலும் நல்ல வேகம் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் தனிப் பாதுகாப்பு வசதியும் வேண்டும். நம் பழைய லேப்டாப்புகள் அதைத் தாங்காது. அதனால் வங்கிக் கணக்கு, பணம் அனுப்புவது போன்ற வேலைகளை இவற்றில் செய்யாதீர்கள். படிக்க, எழுத, கணக்குப் போட என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், லினக்ஸ் வகையில் எடை குறைந்த ஒன்றைப் போடச் சொல்லலாம். அதற்குப் பணம் கிடையாது. சிடாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸுக்கும் பணம் கிடையாது. மாற்றும் முன்பு எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொன்று. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. கடன் வாங்கும் முன்பு கல்லூரியில் விசாரித்துவிடுங்கள்.

அந்தப் படம்

எல்லோரும் கேட்க நினைப்பது தெரிகிறது. அந்தப் படம் கிடைத்ததா?

அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடுவதில்லை. முதலில் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து திரும்ப எடுக்கலாம். தொட்டியைக் காலி செய்த பிறகும், அதே இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை, மீட்கும் மென்பொருள் கொண்டு எடுக்க வாய்ப்பு உண்டு. அதனால் தவறாக அழித்துவிட்டால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். மேற்கொண்டு எதையும் ஏற்றாதீர்கள். இந்த வீட்டில் அழித்த பிறகு இடம் கிடைத்தது என்று ஏழெட்டு சினிமாக்களை ஏற்றியிருந்தார்கள். நாங்கள் முயன்று பார்த்ததில் சில படங்கள் வந்தன, பாதி சாம்பல் நிறமாக. மகள் மணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று நன்றாகவே வந்தது. அவர் சிரித்த படம் வரவில்லை.

இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. "சொல்லுங்க மேடம், வேற யாரும் அழிக்கக் கூடாது" என்று அந்த அம்மாதான் சொல்லச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அவர் 28,000 ரூபாய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ரேம் கூட்ட 1,200 ரூபாய் மட்டும் உள்கடன் எடுத்தார், இரண்டு தவணையில் கட்டிவிட்டார். மீதிப் பணத்தில் அதே குழுவில் ஒருவர் கறவை மாடு வாங்கியிருக்கிறார். மகள் அதே லேப்டாப்பில் மாதிரித் தேர்வு எழுதுகிறாள். சாயங்காலம் அம்மா வந்து மூன்று பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பதினாலு தொறந்து வச்சிருக்க?" என்று அதட்டுகிறாராம்.

கையெழுத்துப் போடத் தெரியாமல் குழுவில் சேர்ந்து, இன்று வங்கி மேலாளரிடம் கணக்குக் கேட்கிறவர்கள் நாம். ரொக்கப் புத்தகம் பார்க்கத் தெரிந்தவருக்கு டாஸ்க் மேனேஜர் பெரிய வித்தை இல்லை.

அடுத்த மாதம் வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று விவரம் எழுதி வாருங்கள். உங்கள் குழுவில் எத்தனை வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது? ஒவ்வொன்றிலும் ரேம் எவ்வளவு? வீட்டுப் படங்கள் இன்னொரு இடத்திலும் இருக்கின்றனவா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்றால், கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே ஒரு பென் டிரைவில் எடுத்து, குழுவின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.